தொலைநோக்கிக்கு எந்த மலை? மேகமில்லாத வானம் மட்டும் ஏன் போதாது

நீங்கள் கேட்டது இது: சகாரா போல மேகமே எட்டிப் பார்க்காத பாலைவனங்கள் இருக்கும்போது, பெரிய தொலைநோக்கிகள் ஏன் சிலியின் கடலோர மலைகளிலும், ஹவாய், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லான்டிக்கில் உள்ள லா பால்மா போன்ற தீவுகளிலும் போய்க் குவிந்திருக்கின்றன? உயரம்தான் முக்கியம் என்றால் எவரெஸ்ட் பக்கம் ஏன் யாரும் போகவில்லை? இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வானம் தெளிவாக இருப்பதும், தொலைநோக்கிக்கு ஏற்றதாக இருப்பதும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். ஒன்றில்லை. இடத்தேர்வில் மேகம் முதல் வடிகட்டி மட்டுமே. அதைத் தாண்டியபின் நாங்கள் தேடுவது அமைதியான காற்றை. ஒளியியல் தொலைநோக்கிகளுக்கான தள ஆய்வில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ரேடியோ என் துறை இல்லை, அதைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதலில் மேகத்தை முடித்துவிடலாம். பூமத்திய ரேகைப் பகுதியில் மேலே எழும் ஈரக்காற்று அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, உயரத்தில் துருவங்களை நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 20 முதல் 35 பாகை அட்சரேகைக்குள் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். சூடாகும் காற்றில் மேகம் தங்காது. சகாராவும் சிலியின் அட்டகாமா பாலைவனமும் உலர்ந்து கிடப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். ஹவாயின் மௌனா கேயா மலை 20 பாகை வடக்கில், லா பால்மா 29 பாகை வடக்கில், சிலியின் பரணல் மலை 25 பாகை தெற்கில் இருப்பதும் தற்செயல் இல்லை. ஆனால் மேகம் இல்லை என்பதிலேயே இரண்டு கணக்குகள் உண்டு. இரவு முழுக்க மெல்லிய மேகம்கூட இல்லாமல், நட்சத்திரத்தின் ஒளியளவை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தில் அளக்க முடிகிற இரவு ஒரு வகை. அங்கங்கே மேகம் வந்துபோனாலும் நிறமாலை எடுக்கும் வேலையைத் தொடர முடிகிற இரவு இன்னொரு வகை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகள்களாகப் பரவியிருக்கும் கீற்று மேகம் இருண்ட இரவில் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் நட்சத்திர ஒளியில் பத்து விழுக்காட்டை விழுங்கிவிடும். அதனால் ஒரு தளத்துக்கு ஆண்டில் இத்தனை தெளிவான இரவுகள் என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். மேகக் கணக்கில் பின்தங்கிய தளம் பயனற்றது என்றும் நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்துக்கு இரண்டு பருவமழைகளும் இடைஞ்சல்தான். ஆனால் 12.5 பாகை அட்சரேகையிலிருந்து தென்வானத்தின் பெரும்பகுதியைப் பார்க்க முடிகிறது. யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய 1977ஆம் ஆண்டு அவதானிப்புகளில் அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றின் அடியில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் கலங்கியிருந்தால் கல் தெரியாது, அது மேகம். நீர் பளிங்குபோல் இருந்தும் சலசலத்து ஓடினால் கல் தெரியும், ஆனால் அதன் விளிம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் மின்னுவதும் இப்படித்தான். அந்த நடுக்கத்தால் நட்சத்திரத்தின் உருவம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதைத்தான் வானியலாளர்கள் சீயிங் என்று அளக்கிறார்கள். அளவுகோல் வில்விநாடி, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. முழுநிலா ஏறத்தாழ 1,800 வில்விநாடி அகலம் என்று வைத்துக்கொண்டால் இந்த அளவின் சிறுமை புரியும்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது? வெப்பநிலையிலிருந்து. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 1 மீட்டர் தடிமனுள்ள ஒரு காற்றுத் திரளைக் கடந்து வரும் ஒளி, பக்கத்தில் 1 டிகிரி குளிர்ந்திருக்கும் திரளைக் கடந்து வரும் ஒளியைவிட 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, முந்திவிடும். பச்சை ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான்தான். ஒரே மீட்டரில் இரண்டு முழு அலைகள் பிசகிவிட்டன. பல நூறு ஆண்டுகள் விண்வெளியில் எந்தச் சிதைவும் இல்லாமல் தட்டையாக வந்த ஒளியலை, கடைசி இருபது கிலோமீட்டரில் கசங்கிப்போய் நம் கண்ணாடியில் விழுகிறது.

இதன் விலை என்ன என்று பாருங்கள். 10 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி, கோட்பாட்டின்படி, பச்சை ஒளியில் 0.013 வில்விநாடி அளவு விவரத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். கடல் மட்டத்துச் சமவெளியில் சீயிங் 2, 3 வில்விநாடி இருப்பது சாதாரணம். உலகின் மிகச்சிறந்த மலைகளில்கூட இடைநிலை மதிப்பு, அதாவது பாதி நேரம் அதைவிட நன்றாகவும் பாதி நேரம் மோசமாகவும் இருக்கும் அளவு, 0.6 முதல் 0.8 வரைதான். 1 வில்விநாடி சீயிங் உள்ள இரவில், 10 மீட்டர் கண்ணாடியும் 10 சென்டிமீட்டர் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவு விவரத்தைத்தான் காட்டும். பெரியது அதிக ஒளியைச் சேர்க்கும், அவ்வளவுதான். அந்த ஒளிச்சேகரிப்பிலும் நஷ்டம் இருக்கிறது. மங்கலான பொருளின் ஒளி அகலமாகப் பரவினால், அதன் அடியில் இருக்கும் வானத்தின் சொந்த வெளிச்சமும் சேர்ந்து அளவில் கலந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், மிக மங்கலான நட்சத்திரங்களைப் பொறுத்தவரை 0.7 வில்விநாடி தளத்தில் நிற்கும் 4 மீட்டர் தொலைநோக்கி, 1.4 வில்விநாடி தளத்தில் நிற்கும் 8 மீட்டர் தொலைநோக்கிக்குச் சமம். கண்ணாடியை இரட்டிப்பாக்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல மலையைத் தேடி அலைவது மிக மலிவான வேலை. தளம் என்பது தொலைநோக்கியின் ஓர் உறுப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். காற்று வீசினாலே கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று கொந்தளித்தால் மட்டும் போதாது, வெவ்வேறு வெப்பநிலை கொண்ட அடுக்குகள் அந்தக் கொந்தளிப்பில் கலக்க வேண்டும். அப்போதுதான் ஒளி கெடும். ஏற்கெனவே நன்றாகக் கலந்துவிட்ட காற்று எவ்வளவு புரண்டாலும் ஒளிக்குப் பெரிய பாதிப்பில்லை. மறுபக்கம், காற்றே வீசாத இரவும் நல்லதில்லை. தரையும் கட்டடமும் கண்ணாடியும் வெளியிடும் வெப்பம் அங்கேயே தேங்கி, தொலைநோக்கியின் முகத்துக்கு நேரே புகைபோல எழும்பிக்கொண்டிருக்கும். மிதமாக, ஒரே திசையில், சீராக வீசும் காற்றுதான் எங்களுக்குப் பிடித்தது.

இந்தக் கொந்தளிப்பு வளிமண்டலம் முழுக்க ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. தரையை ஒட்டிய முதல் சில பத்து மீட்டர்களில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. பகலில் தரை சூடாவதால் உருவாகும் கலவை அடுக்கு அதற்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை நீளும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஆறுபோல அதிவேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம், அதன் விளிம்புகளில் வேகம் சட்டென்று மாறும் இடங்களில் மறுபடியும் கொந்தளிப்பு. மேலே இருப்பதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கீழே இருப்பதைத் தவிர்க்கலாம். நல்ல தளம் என்பது பெரும்பாலும் கீழ் அடுக்குகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும் இடம்.

கடலோரமும் தீவும் ஏன் வெல்கின்றன என்பது இப்போது புரியும். கடல் தட்டையானது. பகலுக்கும் இரவுக்கும் அதன் வெப்பநிலை அதிகம் மாறாது. பல நூறு கிலோமீட்டர் கடல்மேல் தடையில்லாமல் வந்த காற்று அடுக்கு அடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் ஓடிவரும். சிலியின் கரையில் இதற்கு மேலும் ஒரு கொடை உண்டு. அன்டார்டிக் பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடல்மேல் இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது, மேலிருந்து இறங்கும் காற்றோ வெப்பமானது. குளிர்ந்த கனமான காற்று கீழே, சூடான லேசான காற்று மேலே. வழக்கத்துக்குத் தலைகீழான இந்த அமைப்பு ஒரு மூடிபோல வேலை செய்கிறது. ஈரமும் மூடுபனியும் தூசியும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கின்றன. கடலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், 2,635 மீட்டர் உயரத்தில் இருக்கும் பரணல் அந்த மூடிக்கு வெகு மேலே நிற்கிறது. பக்கத்திலேயே 3,046 மீட்டர் உயர அர்மசோனெஸ் மலையில்தான் 39 மீட்டர் கண்ணாடியோடு மிகப்பெரிய ஐரோப்பியத் தொலைநோக்கி எழும்புகிறது. ஹவாயிலும் லா பால்மாவிலும் வாணிபக் காற்றின் மேல் இதே மூடி உட்காருகிறது. மௌனா கேயாவின் உச்சி 4,205 மீட்டர், மூடி சுமார் 2,000 மீட்டரில். லா பால்மாவின் உச்சி ஏறத்தாழ 2,400 மீட்டர், மூடி பெரும்பாலும் 1,500க்குக் கீழே. உச்சியிலிருந்து பார்த்தால் காலுக்குக் கீழே மேகக்கடல் விரிந்திருக்கும். அந்த மேகம் கரையோர ஊர்களின் விளக்கொளியையும் மறைத்துவிடுவதால் வானம் இன்னும் கறுப்பாகிறது. மௌனா கேயாவின் சரிவு வழவழப்பாகத் தாழ்ந்து போவதால் காற்று மலையில் மோதிச் சிதறாமல் அதைத் தழுவிக்கொண்டு கடந்துபோகிறது. இதுவும் ஒரு பாக்கியம்.

சகாராவுக்கு வருவோம். மேகக் கணக்கில் அது அட்டகாமாவோடு போட்டி போடும். ஆனால் பகலில் அந்த மணல் தரை கொதித்து, கலவை அடுக்கை 5 கிலோமீட்டர் உயரம்வரை கிளப்பிவிடுகிறது. உலகிலேயே மிக ஆழமான கலவை அடுக்குகளில் அது ஒன்று. இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிக் கூர்மையான வெப்பநிலை வித்தியாசத்தை உண்டாக்குகிறது. போதாததற்குத் தூசி. அந்தத் தூசி கடல் தாண்டி லா பால்மாவரை வந்து, கோடையில் சில நாட்கள் அங்குள்ள தொலைநோக்கிகளை மூட வைக்கிறது. ஆனால் வட ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே தீர்ப்பில் தள்ளிவிடக் கூடாது. பாலைவனத்தின் விளிம்பில், மொராக்கோவின் அட்லஸ் மலையில் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊக்கைமெடென் ஆய்வகத்தில் சீயிங்கின் இடைநிலை 1 வில்விநாடிக்குக் கீழேதான். அங்கும் அட்லான்டிக் பெருங்கடல் அதிக தூரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எவரெஸ்ட் பற்றிய பதில் சுருக்கமானது. 8,849 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த உச்சி, குளிர்காலம் முழுக்க ஜெட் காற்றோட்டத்துக்குள்ளேயே தலையை விட்டிருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றில் எந்தத் தொலைநோக்கியும் அசையாமல் நிற்காது. பல பெரிய வான் ஆய்வகங்கள் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் காற்றிலேயே கூரையை மூடிவிடும். சுற்றிலும் கரடுமுரடான சிகரங்கள் இருப்பதால், காற்று ஒன்றில் மோதிச் சுழன்று அடுத்ததன்மேல் விழுகிறது. இதனால்தான் ஒரு மலைத்தொடரின் நடுவில் இருக்கும் உயரமான சிகரத்தைவிட, காற்று முதலில் வந்து தொடும் தனிச் சிகரம் பல மடங்கு மேல். மனிதரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மௌனா கேயா உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதன் 60 விழுக்காடு. அங்கே வேலை செய்பவர்கள் 2,800 மீட்டரில் உள்ள விடுதிக்கு இறங்கிவந்துதான் உறங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மட்டும் என்றால், நல்ல மூடிக்கு மேலே 2,500 அல்லது 3,000 மீட்டரை அடைந்தபின் இன்னும் ஏறுவதால் கிடைக்கும் லாபம் சிறியது என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத சக பணியாளர்களும் உண்டு.

அகச்சிவப்புக்கும் மில்லிமீட்டர் அலைகளுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எதிரி நீராவி. அது இந்த அலைகளை உறிஞ்சுகிறது, தானும் ஒளிர்கிறது. தலைக்கு மேலே இருக்கும் நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் பரப்பினால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்று அளப்பது வழக்கம். வெப்பமண்டலக் கடற்கரையில் அது 40, 50 மில்லிமீட்டர் இருக்கும். பரணலில் 2 அல்லது 3. மௌனா கேயாவில் 1 முதல் 2. அல்மா என்ற மில்லிமீட்டர் தொலைநோக்கி அணி நிற்கும் 5,000 மீட்டர் உயரச் சஹ்னந்தோர் பீடபூமியில் ஏறத்தாழ 1. தென்துருவத்தின் குளிர்காலத்தில் 0.3 வரை இறங்கும். நீராவி தரையை ஒட்டியே அடர்ந்திருப்பதால், ஒவ்வொரு 2 கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே இங்கே உயரம் நேரடியாகப் பலன் தரும். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டரில் 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியை நிறுவியதற்கும் இது முக்கியமான காரணம். இமயமலை பருவமழையைத் தடுத்துவிடுகிறது, நீராவியும் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குக் கீழே. அந்தத் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டேயிலிருந்தே செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். ஆனால் உலர்ந்த இடத்துக்கும் பருவம் உண்டு. தென்னமெரிக்கக் கோடையில் கிழக்கேயிருந்து ஈரக்காற்று ஆண்டீஸைத் தாண்டி வருவதால், அல்மா பிப்ரவரி மாதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிடுகிறது.

ஒளி ஊடுருவலைப் பற்றியும் வானத்தின் கறுப்பைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. தூசி, ஓசோன், காற்றின் மூலக்கூறுகள் மூன்றும் சேர்ந்து ஒளியைக் குறைக்கும். மாறாமல் குறைத்தால் திருத்திக்கொள்ளலாம், இரவுக்கு இரவு மாறினால்தான் தொல்லை. 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் உலகின் பல ஆய்வகங்களில் வானத்தின் ஊடுருவல் நீண்ட காலம் குறைந்திருந்தது. 2021இல் லா பால்மாவிலேயே எரிமலை வெடித்து, சாம்பலுக்குப் பயந்து கூரைகளை மூடி வைத்தார்கள். நகர ஒளியைப் பொறுத்தவரை கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் நல்ல பாடம். 1917இல் 2.5 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய அந்த மலையில் சீயிங் இன்றும் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் வளர்ந்துவிட்டது. மங்கலான விண்மீன் மண்டலங்களை அங்கிருந்து பார்க்கும் வேலை முடிந்துபோனது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. எவ்வளவு நல்ல மலையைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசிப் பத்து மீட்டரில் அதைக் கெடுத்துவிடலாம். தொலைநோக்கியை மூடியிருக்கும் பழைய கூண்டுகள் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, இரவில் திறந்ததும் சூடான காற்றைத் தொலைநோக்கிக்கு முன்னால் வெளியே விட்டன. கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருந்தாலே அதன்மேல் மெல்லிய கொந்தளிப்புப் படலம் உண்டாகும். பல தளங்களின் சீயிங் மோசம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டதில் பாதி கட்டடத்தின் குற்றம் என்பது 1980களில்தான் தெளிவாகப் புரிந்தது. 1989இல் சிலியின் லா சில்லாவில் இயங்கத் தொடங்கிய 3.6 மீட்டர் புதிய தொழில்நுட்பத் தொலைநோக்கி, காற்று தாராளமாக ஊடுருவிப் போகும்படி வடிவமைத்த கூண்டோடு வந்தது. இப்போது பெரிய கூண்டுகளைப் பகல் முழுக்கக் குளிர்சாதனம் வைத்து, அன்றிரவு என்ன வெப்பநிலை இருக்குமோ அதற்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சாயங்கால வெப்பநிலையைச் சரியாகக் கணிப்பது அங்கே வானிலை ஆர்வலரின் பொழுதுபோக்கு இல்லை, அன்றாட வேலை.

சரி, ஒரு மலை நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயற்கைக்கோள் படங்களிலிருந்து மேகமும் நீராவியும் ஓரளவு கிடைக்கும். சீயிங் கிடைக்காது, மலைக்குப் போய்த்தான் அளக்க வேண்டும். அதற்கான கருவி எளிமையானது. ஒரு சிறிய தொலைநோக்கியின் வாயை மூடி, அதில் இரண்டு ஓட்டைகள் மட்டும் விடுவோம். ஒரே நட்சத்திரம் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்து எவ்வளவு நடுங்குகின்றன என்பதிலிருந்து சீயிங்கைக் கணக்கிடலாம். காற்றில் தொலைநோக்கியே ஆடினால் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே ஆடும், எனவே அது கணக்கில் வராது. இந்தக் கருவியை ஐந்தாறு மீட்டர் உயரக் கோபுரத்தில் வைத்து, எல்லாப் பருவங்களிலும், ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும். பரணலில் 1980களில் தொடங்கிய அளவீடுகள் பல ஆண்டுகள் தொடர்ந்த பிறகே 1990இல் அந்த மலை முடிவானது.

அப்படியும் ஏமாறலாம் என்பதற்குப் பரணலே சான்று. தொலைநோக்கிகள் கட்டி முடிந்தபின், தரையருகே இருந்த அந்தக் கருவி காட்டிய சீயிங் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே போனது. அங்கிருந்த 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் எடுத்த படங்களோ அதே அளவுக்குக் கெடவில்லை. காரணம் பிறகு புரிந்தது. சில திசைகளிலிருந்து காற்று வரும்போது தரையை ஒட்டி மெல்லிய கொந்தளிப்பு அடுக்கு ஒன்று உருவாகிறது, அப்படிப்பட்ட காற்று வரும் நேரம் அதிகமாகிவிட்டது. சின்னக் கருவி அந்த அடுக்குக்குள் நின்றது, உயரமான தொலைநோக்கிகள் அதற்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஆகவே மொத்த சீயிங் எண் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு தளங்களை ஒப்பிடாதீர்கள். எந்த உயரத்தில் அளந்தார்கள், கொந்தளிப்பு எந்தெந்த உயரத்தில் எவ்வளவு என்பதும் வேண்டும்.

இப்போதுதான் தகவமைப்பு ஒளியியல் இருக்கிறதே, நொடிக்கு ஆயிரம் முறை கண்ணாடியை நெளித்து நடுக்கத்தைத் திருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1953இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் முன்வைத்த இந்த யோசனை இன்று பெரிய தொலைநோக்கிகளில் அன்றாடம் பயன்படுகிறது. அகச்சிவப்பில் அற்புதமாக வேலை செய்கிறது. ஆனால் அது மோசமான தளத்துக்கு மருந்து இல்லை. கசங்கல் சில மில்லிவிநாடிகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது, உயரத்தில் காற்று வேகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு திசைக்குச் செய்த திருத்தம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சில வில்விநாடிகளுக்கு அப்பால் செல்லுபடியாகாது. கொந்தளிப்பு மெதுவாகவும் தரையை ஒட்டியும் இருந்தால் திருத்தம் எளிது, படமும் அகலமாகத் திருந்தும். நல்ல தளத்தில்தான் இந்தத் தொழில்நுட்பம் தன் முழுப் பலனைத் தருகிறது.

இந்தக் கோணத்தில் அன்டார்டிக் பீடபூமி எனக்குப் பெரிய வியப்பு. டோம் சி என்ற இடத்தில், தரையை ஒட்டிய சுமார் 30 மீட்டர் அடுக்குக்கு மேலே சீயிங்கின் இடைநிலை 0.27 வில்விநாடி என்று 2004இல் அறிவித்தார்கள். டோம் ஏ என்ற இடத்தில் வெறும் 8 மீட்டர் உயரக் கோபுரத்திலேயே 0.31 கிடைத்ததாக 2020இல் ஆய்வு வந்தது. கொந்தளிப்பு கிட்டத்தட்ட முழுவதும் அந்த மெல்லிய அடுக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மைனஸ் 60 டிகிரிக்குக் கீழே போகும் குளிர், கண்ணாடியில் படியும் உறைபனி, ஆண்டின் பெரும்பகுதி யாரும் போய்ச்சேர முடியாத தனிமை, துருவத்தைச் சுற்றிய வானத்தை மட்டும் பார்க்க முடிகிற நிலை ஆகியவை காரணமாக அங்கே பெரிய ஒளியியல் தொலைநோக்கி இன்னும் வரவில்லை. மில்லிமீட்டர் அலைகளுக்கு மட்டும் 10 மீட்டர் தென்துருவத் தொலைநோக்கி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

எல்லாக் கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தாது. மீட்டர் அலைநீள ரேடியோ தொலைநோக்கிக்கு மேகமும் சீயிங்கும் பொருட்டே இல்லை. மனிதர் உண்டாக்கும் ரேடியோ இரைச்சலும், மிக உயரத்தில் இருக்கும் அயனி மண்டலமும்தான் அதன் கவலை. காமா கதிர்களால் வளிமண்டலத்தில் தோன்றும் நீல மின்னொளியைப் பிடிக்கும் தொலைநோக்கிகளுக்கு வானம் கறுப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் போதும். படம் கூர்மையாக வேண்டிய அவசியம் இல்லாததால் சீயிங் பெரிதில்லை. சூரியனைப் பார்ப்பவர்களின் சிக்கல் நேர்மாறானது. தரை சூடாகும் பகலில்தான் அவர்களுக்கு வேலை, அதனால் சிலர் ஏரியைத் தேடிப் போகிறார்கள். உதய்ப்பூர் சூரிய ஆய்வகம் ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் இருப்பது அதனால்தான்.

கடைசியாக, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைத் தயங்கிச் சொல்ல வேண்டும் என்று பிரித்துவிடுகிறேன். கொந்தளிப்பின் இயற்பியல், நீராவியின் விளைவு, மூடி அடுக்கின் நன்மை ஆகிய மூன்றிலும் சந்தேகமில்லை. கடலோரத் தனிச் சிகரமே சிறந்தது என்பது வலுவான அனுபவ விதி, இயற்கை விதி இல்லை. கடலிலிருந்து வெகு தூரத்தில், திபெத்தியப் பீடபூமியின் விளிம்பில் இருக்கும் லெங்ஹு என்ற இடத்தில் 4,200 மீட்டர் உயரச் சிகரம் ஒன்றில் இடைநிலை 0.75 வில்விநாடி என்று 2021இல் வெளியான அளவீடு, அந்த விதிக்கு நல்ல விலக்கு. வானிலை மாதிரிகளை வைத்து ஒரு புதிய மலையின் சீயிங்கை முன்கூட்டியே கணிப்பது ஓரளவுக்கு மேல் நம்பத்தக்கதாக இன்னும் ஆகவில்லை. காலநிலை மாறும்போது இந்தத் தளங்கள் எப்படி மாறும் என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது. பரணலில் வெப்பநிலை உயர்ந்துகொண்டிருப்பது அளவீடுகளில் தெரிகிறது. 16 டிகிரி சாயங்காலத்தை எல்லையாக வைத்து வடிவமைத்த கூண்டுக் குளிர்சாதனம், அதைவிடச் சூடான நாட்களில் திணறுகிறது. சீயிங்கும் அதோடு மாறுமா என்று சொல்ல இன்னும் பல பத்தாண்டு அளவீடுகள் தேவைப்படும். நீங்களே பின்தொடர விரும்பினால், பரணலின் சீயிங், காற்று, ஈரப்பதம் மூன்றையும் ஐரோப்பியத் தெற்கு வான் ஆய்வகம் இரவு நேரத்தில் நேரலையாகவே இணையத்தில் வெளியிடுகிறது. மேகமே இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து சீயிங் கோட்டை மட்டும் பாருங்கள். ஒரே இரவில் அது 0.5க்கும் 1.5க்கும் இடையே ஏறி இறங்குவதைக் காணலாம்.